கல்லுக்குக் கிடைத்த கரை

நைல் நதியைப் பற்றிப் புவியியல் பாடத்திலே படிக்காதவர் நம்மிடையே அரிது. எகிப்து என்றதும் கெய்ரோவும் பிரமிட்டுகளும் நினைவுக்கு வருவது இயல்பே. ஆயினும் அந்த நதி தன் மக்களுக்கு எதைக் கொடுத்தது, அவர்களிடமிருந்து எதைப் பறித்தது என்பதை அறிய விரும்புவோர், கெய்ரோவுக்குத் தெற்கே ஏறத்தாழ 900 கிலோமீற்றர் தொலைவிலுள்ள அஸ்வான் நகரைக் கால்நடையாகச் சுற்றிப் பார்த்தல் வேண்டும். கோடையில் வெப்பம் 40 பாகையைத் தாண்டும் ஊர் அது. எனவே குளிர்காலத்துக் காலைப்பொழுதே நடைக்கு உகந்தது.

புகையிரத நிலையத்தை விட்டு வெளியே வந்ததும் தெற்கு நோக்கி நீள்கிறது கடைத்தெரு. சீரகமும் மிளகும் பேரீச்சம்பழமும் கச்சானும் சாக்குகளில் குவிந்து கிடக்கும். அவற்றினிடையே செந்நிறமாக உலர்ந்து கிடப்பது ‘கார்க்கடே’. நமது செவ்வரத்தையின் இனத்தைச் சேர்ந்த செடியொன்றின் பூப்புல்லி அது. அதனை அவித்து வடித்துச் சீனியிட்டு அருந்துவர். கடைத்தெருவுக்கு இணையாக ஓடுகிறது நதியோரச் சாலை. அங்கு நின்றால் யானை முதுகு போன்ற கருங்கற் பாறைகளும், அவற்றைச் சுற்றி வளைந்து செல்லும் வெண்பாய்ப் படகுகளும் கண்ணுக்கு எட்டும்.

ஊர்மக்கள் ஏறும் சாதாரணப் படகிலே ஆற்றைக் கடந்தால் எலிபன்ரைன் தீவு. அங்கே ஆற்றுக்குள் இறங்கும் பழைய கற்படிக்கட்டு ஒன்றுண்டு. வெள்ளம் எந்த மட்டத்துக்கு ஏறியது என்பதை அதன் சுவரிலுள்ள குறிகளைக் கொண்டு அளந்தனர். அந்த அளவை வைத்தே அவ்வாண்டின் விளைச்சலையும் வரியையும் மதிப்பிட்டனர். இன்று அந்தப் படிகளை நாடி ஆண்டு வெள்ளம் வருவதில்லை. அதற்கான காரணம் நகருக்குத் தெற்கே நிற்கிறது.

1902 இல் அங்கு முதல் அணை கட்டி முடிக்கப்பட்டது. அது இருமுறை உயர்த்தப்பட்டபோதெல்லாம் மேலாற்றங்கரையில் வாழ்ந்த நூபிய மக்களின் நிலங்கள் நீருள் ஆழ்ந்தன. பின்னர் 1960 முதல் 1970 வரை கட்டப்பட்ட அஸ்வான் உயர் அணை, எகிப்துக்கு மின்சாரத்தையும் ஆண்டு முழுவதும் பாசன நீரையும் கொடுத்தது. நாட்டுக்கு அது பெரும் பயன் என்பதை எவரும் மறுப்பதற்கில்லை. ஆனால் அதன் பின்னால் தேங்கிய நாசர் ஏரி, சூடான் எல்லையையும் கடந்து சுமார் 500 கிலோமீற்றர் நீளத்துக்குப் பரந்து, எகிப்திலிருந்த நூபிய நாட்டை முழுவதும் மூடிவிட்டது.

மூழ்கவிருந்த ஆலயங்களுக்காக யுனெஸ்கோ நிறுவனம் 1960 இல் உலகை அழைத்தது. அபு சிம்பெல்லில் இரண்டாம் ராம்சேஸ் மன்னன் குடைவித்த கோயில்களை 1964 முதல் 1968 வரை துண்டுதுண்டாக அறுத்து, 65 மீற்றர் உயரத்தில் மீண்டும் பொருத்தினர். அஸ்வானுக்கு அருகே பிலே தீவிலிருந்த ஐசிஸ் ஆலயத்தைக் கல் கல்லாகக் கழற்றி, அயலிலுள்ள அகில்கியா தீவில் எழுப்பினர். 1980 இல் அது திறந்து வைக்கப்பட்டது.

நகரின் தெற்கே பழைய கற்சுரங்கத்தில் கிடக்கும் முற்றுப்பெறாத கற்றூணைப் பார்த்தவர்க்கு இப்பணியின் அருமை விளங்கும். ஏறத்தாழ 42 மீற்றர் நீளமும் ஆயிரம் தொன்னுக்கு மேற்பட்ட எடையும் கொண்ட அது, செதுக்கும்போதே வெடித்தமையால் மூவாயிரம் ஆண்டுகளுக்கு மேலாகப் பிறந்த பாறையிலேயே படுத்திருக்கிறது.

கல்லின் கதை இதுவாக, மனிதரின் கதை என்ன? 1963, 1964 ஆம் ஆண்டுகளில் எகிப்திய நூபியர் ஏறத்தாழ 50,000 பேர் கொம் ஒம்போ நகரை அண்டிய நிலத்துக்கு மாற்றப்பட்டனர். புறப்படுமுன் முன்னோரின் கல்லறைகளுக்குச் சென்று விடைபெற்றனர். ஆற்றைப் பார்த்தபடி அகன்ற முற்றங்களோடு வாழ்ந்தவர்க்கு, ஆற்றை விட்டு விலகிய இடத்தில் வரிசை வீடுகளே கிடைத்தன. ஆலயத்தின் ஒவ்வொரு கல்லுக்கும் இலக்கமிட்டு அதற்குரிய இடத்திலே வைத்த உலகம், இம்மக்களின் ஆற்றங்கரை வாழ்வை அவ்வாறு எடுத்து வைக்கவில்லை.

ஆயினும் அவர்கள் தம் பங்குக்கு ஒன்றைச் செய்தனர். மூழ்கிய கிராமங்களின் பெயர்களைப் புதிய குடியிருப்புகளுக்கும் சூட்டினர். தோஷ்கா கிராமத்தில் 1929 இல் பிறந்த ஹம்சா எல் டின், தம் மக்களின் இசையை ஊத் என்னும் நரம்புக் கருவியிலே உலக மேடைகளுக்கு எடுத்துச் சென்றார். 1997 இல் அஸ்வானின் தென்புறத்து மேட்டிலே திறக்கப்பட்ட நூபிய அரும்பொருட் காட்சியகத்தில், மன்னர் சிலைகளோடு குடியானவர் வீட்டு வாழ்வையும் காணலாம்.

நூபியரைப் பத்தாண்டுகளுக்குள் அவர்தம் பழைய பகுதிகளுக்குத் திருப்பி அழைத்துவர அரசு முயலும் என 2014 ஆம் ஆண்டின் எகிப்திய அரசியலமைப்பு, அதன் 236 ஆம் உறுப்புரையிலே கூறிற்று. அந்தப் பத்தாண்டுகள் 2024 இல் கடந்து சென்றன. அந்த வாக்கு நிறைவேறவில்லை.

பிள்ளைகளோடு எகிப்து செல்ல வாய்ப்புள்ள பெற்றோர் பிரமிட்டோடு திரும்பிவிடாமல் அஸ்வானில் இரண்டு நாட்களாவது நடக்க வேண்டும். செல்ல இயலாதோரும் நூபியரிடம் ஒன்றைக் கற்கலாம். நம் ஊரின் பெயரையும், ஒழுங்கைகளின் பெயர்களையும், கிணற்றடியையும் கோயில் வீதியையும் நம் பிள்ளைகள் ஒரு தாளில் வரையத்தக்கவாறு நாம் சொல்லிக் கொடுத்திருக்கிறோமா? அதனை இந்த வார இறுதியிலேயே தொடங்கலாம்.