சுற்றும் வளையம் நிற்கவும் வேண்டும்

ஏற்காட்டில் உங்கள் வீட்டு அறைகளை வாடகைக்கு விட ஒரு வலைத் தளம் அமைக்கிறீர்கள் என வைத்துக் கொள்வோம். சேலத்திலிருந்து 20 கொண்டை ஊசி வளைவுகள் ஏறும் பஸ்ஸில், சிக்னல் வந்து வந்து போகும் நேரத்தில், ஒருவர் செல்போனில் பதிவு பட்டனை அழுத்துகிறார். திரையில் அசைவே இல்லை. மறுபடியும் அழுத்துவார். பணம் இரண்டு முறை போய்விடலாம்.

இதற்குத்தான் ஸ்பின்னர் எனப்படும் சுற்றும் வளையம். முன்பு போல ஜிஃப் படம் தேவையில்லை. சிஎஸ்எஸ்ஸில் ஒரு சிறிய சதுரத்துக்கு பார்டர் கொடுங்கள். அதில் ஒரு பக்கத்தை மட்டும் வேறு நிறமாக்குங்கள். பார்டர்-ரேடியஸை 50% ஆக்கி, கீஃப்ரேம்ஸ் மூலம் 360 டிகிரி சுற்ற விடுங்கள். சில வரிகளில் வேலை முடிந்துவிடும்.

ஆனால் வளையம் மட்டும் போதாது என்பேன். இணைப்பு அறுந்தாலும் அது சுற்றிக் கொண்டேதான் இருக்கும். 10 விநாடிகளுக்கு மேல் பயனாளரின் கவனம் நிற்காது என 1993லேயே ஜேக்கப் நீல்சன் எழுதினார். எனவே ஒரு முறை அழுத்தியதும் பட்டனைப் பூட்டுங்கள். ஜாவா ஸ்கிரிப்டில் நேர வரம்பு வையுங்கள். வரம்பு தாண்டினால் வளையத்தை நிறுத்தி, “பதிவு உறுதியாகவில்லை, மறுபடி பணம் கட்டும் முன் எங்களை அழையுங்கள்” எனத் தொலைபேசி எண்ணுடன் காட்டுங்கள். காத்திருப்பவருக்கு அழகான வளையத்தைவிட உண்மையான பதில்தான் முக்கியம்.