நிறத்துக்கு விலை வையுங்கள், பிரேக்குக்கு வேண்டாம்

என் புல்லட் 1986 மாடல். நெய்வேலி முதல் சுரங்கத்தில் மெக்கானிக்காகச் சேர்ந்து சில ஆண்டுகள் கழித்து மந்தாரக்குப்பத்தில் ஒருவரிடம் பழைய வண்டியாக வாங்கினேன். அதைக் கிளப்புவதற்கு ஒரு முறை உண்டு. ஆம்பியர் மீட்டரின் முள் நடுவுக்கு வரும்வரை கிக்கரை மெல்ல அழுத்த வேண்டும். டீகம்ப்ரஷர் லீவரைப் பிடித்துக்கொண்டு பிஸ்டனை உச்சியிலிருந்து கொஞ்சம் தாண்டவிட வேண்டும். அப்புறம் லீவரை விட்டுவிட்டு ஒரே மிதி. அவசரப்பட்டால் கிக்கர் திருப்பி அடிக்கும். வலது காலில் கியர், இடது காலில் பிரேக். முதல் கியர் மேலே, மற்ற மூன்றும் கீழே. நியூட்ரல் பிடிக்கக் குதிகாலால் அழுத்தத் தனி லீவர். இரண்டாம் ஷிஃப்ட் முடிந்து எங்கள் குடியிருப்பு வட்டத்துக்குள் நான் நுழையும்போதே வீட்டில் தோசைக்கல் அடுப்பில் ஏறிவிடும். சத்தம் அவ்வளவு தூரம் கேட்கும்.

அனல்மின் நிலையத்தில் வேலை பார்க்கும் என் மகள் புது புல்லட் வாங்க வேண்டும் என்றாள். அவளோடு ஷோரூமுக்குப் போய்ப் பார்த்ததும் கேட்டதும்தான் இதை எழுத வைத்தன.

புல்லட் மாறக் கூடாது என்று சொல்பவன் அல்ல நான். 1955-இல் இங்கிலாந்துக் கம்பெனி மெட்ராஸ் மோட்டார்ஸுடன் சேர்ந்து என்ஃபீல்டு இந்தியாவைத் தொடங்கியது. இங்கிலாந்தில் தாய்க் கம்பெனி மூடிய பிறகும் திருவொற்றியூர் ஆலை இந்த வண்டியைச் செய்துகொண்டே இருந்தது. 1994-இல் ஐஷர் கைக்குப் போனது. வார்ப்பிரும்பு இன்ஜின் அலுமினியமானது. தனியாக இருந்த கியர்பாக்ஸ் 2008-ஐ ஒட்டி இன்ஜினோடு ஒரே கூட்டுக்குள் வந்தது. 2020-இல் மீட்டியார் வண்டியில் வந்த 349 சிசி இன்ஜின் மறு ஆண்டு கிளாசிக்குக்கும், 2022-இல் ஹண்டருக்கும், 2023 செப்டம்பரில் புல்லட்டுக்கும் வந்தது. மகள் ஓட்டிப் பார்க்க, நான் பின்னால் உட்கார்ந்து போனேன். கைப்பிடி நடுக்கம் இல்லை. கண்ணாடியில் பின்னால் வரும் லாரி தெளிவாகத் தெரிந்தது. என் வண்டியில் அது லாரியா பஸ்ஸா என்று சொல்ல முடியாது. கிக்கர் போய்விட்டது, அதற்காக மனம் வருந்தியது உண்மை. ஆனால் ஹெட்லைட்டுக்கு இருபுறமும் அந்தச் சின்னப் புலிக்கண் விளக்குகள் இருக்கின்றன, தொட்டியின் வளைவு இருக்கிறது. தூரத்திலிருந்து பார்த்தால் புல்லட்தான். இவ்வளவு மாற்றியும் முகத்தைக் காப்பாற்றியவர்களை நான் மனதாரப் பாராட்டுகிறேன்.

என் குறை வேறு. 2023-இல் புல்லட்டை மூன்று விதமாக விட்டார்கள். அப்போதைய விலை இது: மிலிட்டரி சிவப்பும் மிலிட்டரி கறுப்பும் சுமார் 1.74 லட்சம். தங்கக் கோடு போட்ட ஸ்டாண்டர்டு கறுப்பும் மெரூனும் சுமார் 1.97 லட்சம். பிளாக் கோல்டு சுமார் 2.16 லட்சம். கோடு, பட்டை, பளபளப்பு ஆகியவற்றுக்கு விலை கூடினால் நியாயம். ஆனால் கீழ்த்தட்டு மிலிட்டரி வண்டிக்குப் பின்சக்கரத்தில் 153 மில்லிமீட்டர் டிரம் பிரேக் வைத்தார்கள். சக்கரம் இறுகாமல் காக்கும் ஏபிஎஸ் முன்சக்கரத்துக்கு மட்டும். மேலே உள்ள இரண்டுக்கும் பின்னாலும் டிஸ்க், இரு சக்கரத்துக்கும் ஏபிஎஸ். இன்ஜின் ஒன்று, எடை ஏறக்குறைய ஒன்று, வேகம் ஒன்று. நிற்கும் விதம் மட்டும் இரண்டு. கிளாசிக்கில் ரெட்டிச் வரிசைக்கும், ஹண்டரில் ரெட்ரோவுக்கும் இதே ஏற்பாடுதான் செய்தார்கள். 125 சிசிக்கு மேல் ஏபிஎஸ் வேண்டும் என்ற விதி 2019 முதல் விற்கும் எல்லா வண்டிக்கும் வந்துவிட்டது. ஒரு சக்கரத்துக்குக் கொடுத்தாலே அந்த விதி நிறைவேறிவிடும். அதனால் சட்டப்படி இதில் தப்பில்லை. நான் பேசுவது சட்டத்தைப் பற்றி அல்ல.

பழைய புல்லட் ஓட்டியவனுக்குப் பின் பிரேக்தான் கை, கால் எல்லாம். முன் டிரம்மை நம்பி யாரும் ஓட்டியதில்லை. ஓர் ஐப்பசி மழையில், முதல் ஷிஃப்ட்டுக்குப் போகும்போது மாடு குறுக்கே வந்தது. நிலக்கரித் தூசும் செம்மண்ணும் மழையில் குழைந்த ரோடு. பழகிய காலால் பின் பிரேக்கில் ஏறி நின்றேன். சக்கரம் இறுகி நின்றது, வண்டியின் வால் விலகியது, நான் விழுந்தேன். தோள் எலும்பு கூட ஆறு வாரம் ஆனது. வண்டியைக் குறை சொல்ல மாட்டேன். அன்றைக்கு எங்கள் ஊர் வண்டி எதிலும் அதைவிட நல்ல பிரேக்கை நான் பார்த்ததில்லை. இன்றைக்குக் கிடைக்கிறது.

சுரங்கத்தில் பக்கெட் வீல் எக்ஸ்கவேட்டரை ஓவர்ஹாலுக்கு நிறுத்தினால் பெயின்ட் கடைசியில்தான். முதலில் பிரேக் லைனிங், ரோப், லிமிட் ஸ்விட்ச். பணம் பற்றவில்லை என்றால் பெயின்ட் அடுத்த முறைக்குத் தள்ளிப்போகும், பிரேக் தள்ளிப்போகாது. எந்த ஷிஃப்ட்காரன் ஏறினாலும் அதே பிரேக்.

அமெரிக்காவில் மஸ்டாங் என்றொரு கார். 1964-இல் வந்தது முதல் அதற்கும் புல்லட்டைப் போலவே விலை வரிசை உண்டு: சின்ன இன்ஜின் வைத்தது மலிவு, வி8 வைத்தது விலை கூட. இன்று நாலு சிலிண்டர் மஸ்டாங் வாங்குபவருக்குச் சக்தி குறைவுதான். ஆனால் நாலு சக்கரத்துக்கும் டிஸ்க்கும் ஏபிஎஸ்ஸும் அவருக்கும் உண்டு. வேகத்தைக் குறைத்துக் கொடுத்தால் வாங்குபவர் ஒன்றும் இழப்பதில்லை. நிறுத்தும் திறனைக் குறைத்துக் கொடுப்பது அப்படி அல்ல.

மகள் சிவப்பைத்தான் முதலில் காட்டினாள். "அப்பா, இருபத்தி மூணாயிரத்துக்கு மேல மிச்சம்." நான் மெரூன் பக்கம் கூட்டிப்போய்ப் பின்சக்கரத்தைக் காட்டினேன். வித்தியாசப் பணத்தை என் ஓய்வுப் பணத்திலிருந்து எடுத்துக் கொடுத்தேன். எனக்கு முடிந்தது.

அவளோடு அதே ஷிஃப்ட்டில் ஒப்பந்த வேலை பார்க்கும் பையன் ஒருவன் இரண்டு மாதம் கழித்து மிலிட்டரி சிவப்பு எடுத்தான். தவணையில்தான். முதலில் எங்கள் வீட்டுக்குத்தான் கொண்டுவந்து காட்டினான். தேங்காய் உடைத்த ஈரம்கூடக் காயவில்லை. நல்ல வண்டி, நல்ல நிறம். சுற்றி வந்து பார்த்துவிட்டு அவனிடம் ஒன்றுதான் சொன்னேன்: "மழை வந்தா முன் பிரேக்கை மெல்லப் பிடிச்சு நிறுத்தப் பழகு தம்பி. பின் பிரேக்கில் ஏறி நிக்காதே."