விமான நிழலில் ஒரு விடுமுறைப் பாடம்

கோடை விடுமுறை தொடங்கியதும் இல்லந்தோறும் எழும் கவலை ஒன்றே: இந்த நாள்களில் பிள்ளைகளின் படிப்பு என்னாவது? சில பெற்றோர் அடுத்த வகுப்பின் பாடநூல்களை இப்போதே வாங்கி, வீட்டையே பள்ளிக்கூடமாக்கிவிடுகின்றனர். வேறு சிலர் கைப்பேசியைக் கொடுத்துவிட்டு ஓய்ந்துபோகின்றனர். இவ்விரண்டுக்கும் நடுவே ஒரு வழி உண்டு. பிள்ளையின் மனத்தில் எழும் ஒரு கேள்வியைப் பற்றிக்கொண்டு, விடை கிட்டும் வரையில் பெரியவர்களும் உடன் நடப்பதே அது.

தஞ்சையை அடுத்த சிற்றூர் ஒன்றில் நிகழ்ந்தது இது. ஏழாம் வகுப்பு முடித்த சிறுவனுக்குத் தாத்தா பெரிய கோயிலின் பெருமைகளை எடுத்துரைத்துக்கொண்டிருந்தார். “அந்த விமானத்தின் நிழல் தரையில் விழாது” என்று அவர் கூறியதும், “அது எப்படித் தாத்தா? வெயில் பட்டால் எதற்கும் நிழல் உண்டே” என்றான் சிறுவன். “பெரியவர்கள் சொல்வதை மறுத்துப் பேசுவதா?” என்று தந்தை கடிந்துகொண்டார். தாத்தாவோ சற்று யோசித்து, “மறுக்கவில்லை, கேட்கிறான். நேரில் போய்ப் பார்த்துவிடுவோம்” என்றார்.

புறப்படுமுன் வீட்டிலேயே பயிற்சி நடந்தது. ஒரு மீட்டர் நீளமுள்ள கோலைச் செங்குத்தாக நட்டு, அதன் நிழலை அளந்தான். அதே வேளையில் வீட்டுச் சுவரின் நிழலையும் அளந்தான். கோலுக்கும் அதன் நிழலுக்கும் உள்ள விகிதமே சுவருக்கும் அதன் நிழலுக்கும் பொருந்தும். கணக்கிட்டு வந்த உயரத்தை, மொட்டைமாடியிலிருந்து அளவுநாடாவைத் தொங்கவிட்டுச் சரிபார்த்தான். இரண்டு அளவுகளுக்கும் இடையே நான்கு விரற்கடையே வேறுபாடு. பாடநூலில் அச்சுறுத்திய விகிதக் கணக்கு அன்று விளையாட்டாயிற்று.

சித்திரையின் பிற்பகுதியில் ஒரு நாள் மூவரும் கோயிலுக்குச் சென்றனர். வழிபாடு முடிந்து, காலை பத்து மணியளவில் விமானத்தின் மேற்புறம் வந்தனர். கலசத்தின் நிழல் தரையில் தெளிவாக விழுந்திருந்தது. நாற்பது ஆண்டுகளாக உறவினர் அனைவருக்கும் மாறாகச் சொல்லிவந்த தாத்தா, பேச்சின்றி அதையே நோக்கி நின்றார். தந்தை சங்கடத்துடன் முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

“நான் கேட்டதைச் சொன்னேன், இவன் பார்த்ததைச் சொல்கிறான். ஈசன் சந்நிதியில் உண்மையே நிற்கட்டும். அளந்து பார் அப்பா” என்றார் தாத்தா.

அடித்தளத்தின் விளிம்பிலிருந்து நிழலின் நுனி வரை 26 மீட்டர்; அடித்தளத்தின் பாதி அகலம் ஏறக்குறைய 15 மீட்டர்; ஆக 41. கோலின் நிழல் 63 சென்டிமீட்டர். வகுத்தால் 65 மீட்டர். விமானத்தின் உயரம் சுமார் 216 அடி என்று நூல்கள் கூறும் அளவுக்கு மிக அருகில் வந்துவிட்டது, ஒரு சிறுவனின் கயிற்றுக் கணக்கு.

அப்படியானால் அந்தப் பேச்சு எங்கிருந்து வந்தது? சித்திரை மாத நண்பகலில் சூரியன் தஞ்சையில் ஏறக்குறைய உச்சந்தலைக்கு நேரே நிற்கும். மேலே செல்லச் செல்லக் குறுகும் விமானத்தின் நிழல் அவ்வேளையில் அதன் அடித்தளத்துக்குள்ளேயே அடங்கிவிடும். அதைக் கண்டவர்கள் அவ்வாறு சொல்லியிருக்கலாம். மார்கழியிலோ சூரியன் தெற்கே சாய்ந்திருப்பதால், நண்பகலிலும் நிழல் வடபுறத் தரையில் விழும்.

இதனால் கோயிலின் பெருமை குன்றியதா? இல்லை. ராஜராஜ சோழன் தான் அளித்தவற்றையும் தமக்கையார் குந்தவையும் தேவியரும் பிறரும் அளித்தவற்றையும் கல்லிலே வெட்டச் செய்தான். தனது 25ஆம் ஆட்சியாண்டின் 275ஆம் நாளில், அதாவது 1010இல், விமானத்துக்குக் கலசம் அளித்த செய்தியும் அங்கே உள்ளது. கொடையைக்கூட நாள் குறித்துக் கணக்கெழுதி வைத்த கோயில் அது. அளந்து அறியும் பிள்ளை அதன் மரபுக்கு மாறானவன் அல்லன், உரியவன்.

பெற்றோர் செய்யவேண்டியது அதிகமில்லை. நாளுக்கு அரைமணி நேரம், ஒரு கோல், ஒரு கயிறு, ஒரு குறிப்பேடு போதும். தஞ்சைக்குத்தான் செல்லவேண்டும் என்பதில்லை. உள்ளூர்க் கோயிலின் கொடிமரமும் கொல்லைத் தென்னையும் உண்டு. வெயில் கடுமையாகுமுன் அளவை முடித்துவிடவேண்டும். சூரியனை நேரே நோக்கலாகாது. அளந்ததையும் கண்டதையும் பிள்ளை தன் சொற்களில் தமிழில் எழுதட்டும். கணக்கும் மொழியும் ஒருங்கே வளரும்.

அந்த இல்லத்தில் இப்போது விருந்தினர் வந்தால், பெரிய கோயிலின் நிழலைப் பற்றித் தாத்தா பேசுவதில்லை. “என் பேரன் சொல்லுவான், கேளுங்கள்” என்று குறிப்பேட்டை எடுத்துவரச் சொல்கிறார்.