எலும்பிடம் மொழியைக் கேட்பவர்கள்

தொல்மரபணு என்றாலே ஆரியரா, திராவிடரா என்ற வழக்கு தொடங்கிவிடுகிறது. 2019இல் ராக்கிகடிப் பெண் ஒருத்தியின் மரபணு வெளியானதும் அவள் பேசிய மொழியைப் பலர் தீர்ப்பாகவே அறிவித்தனர். மரபணு வேற்றுமை உருபு ஏற்பதில்லை. அது சொல்லக்கூடியது வேறு.

2009இல் யெகாத்தரின்பர்க் எலும்புகள் ஒன்றைச் சொல்லின: விக்டோரியா வழிவந்த அரச குடும்பங்களில் ஓடிய குருதி உறையாமை ஹீமோஃபிலியா 'பி', காரணம், ஒன்பதாம் உறைகாரணியின் மரபணுவில் ஓரெழுத்து மாற்றம்.

இங்கு அத்தகைய கேள்வி எழுவதில்லை. குருதியை மிகையாக உறையச் செய்யும் 'ஃபேக்டர் ஐந்து லைடன்' ஐரோப்பியரில் நூற்றுக்கு ஐவரளவில் உண்டு. கிழக்காசியரிடம் ஏறக்குறைய இல்லை. இந்தியாவுக்குள் அது எப்போது நுழைந்தது? (அரிய ஹீமோஃபிலியாவை விட இதுவே தேடத்தக்கது, ஹீமோஃபிலியாவில் ஏறத்தாழ மூன்றிலொரு பங்கு புதிதாகத் தோன்றும் பிறழ்வு.)

காரியவட்டத்துக் கேரளப் பல்கலைக்கழகத் தொல்லியல் துறை, கச்சிலுள்ள ஜூனா கட்டியாவில் ஏறத்தாழ 500 புதைகுழிகள் கொண்ட இடுகாட்டை அகழ்ந்துவருகிறது. வெப்பநிலத்தில் மரபணு சிதையும். ராக்கிகடியில் அறுபதுக்கு மேற்பட்ட மாதிரிகளில் ஒன்றே தேறியது. பொடித்த எலும்பு மீளாது. மொழிச் சண்டைக்காக மட்டும் அதைப் பொடிப்பதை ஆய்வு என்று அழைக்க வேண்டாம்.