குசினிக்குள்ள ஆர் நிக்கிறது?

சின்னக் குசினியில் இடம் மிச்சம் பிடிப்பது எப்படி என்று ஒரு வீடியோ போன மாதம் எங்கட குழுவுக்குள் சுற்றியது. வெள்ளைச் சுவர், ஒரே அளவுக் கண்ணாடிப் போத்தல்கள், தொட்டால் வழுக்கிக்கொண்டு வாற லாச்சிகள். எங்களில் ஒருத்தியின் அம்மா முழுவதையும் பார்த்துவிட்டுக் கேட்டா: "அது சரி பிள்ளை, விறகை எங்க வைக்கிறது?"

வீடியோவில் பதில் இல்லை. எங்களிட்டயும் இருக்கவில்லை.

செட்டிகுளத்துக் குசினி ஒன்றுக்குள் என்ன கிடக்குது என்று பாருங்கோ. அறுவடை முடிஞ்சு வந்த அரிசி மூட்டையில. தேங்காய் ஒரு மூலையில. திருவலை, சுளகு, தண்ணி வாளி, விறகு, காஸ் சிலிண்டர். கிழமைக்குக் கிழமை பைக்கற்றில் சாமான் வாங்குகிறவருக்குச் செய்த லாச்சிக்குள் இதில் ஒன்றும் அடங்காது. ஆனாலும் தவணைக்குப் பணம் கட்டி 'பன்ட்ரி கபேட்' அடிக்கிற ஆசை இப்ப எங்கட வீடுகளிலும் வந்திட்டுது. எங்கட கருத்து, அந்தக் காசை அதில் போடாதேங்கோ என்பதுதான்.

காரணம் இருக்கு. அமுக்கின பலகையில் செய்த கதவு மாரி ஈரத்துக்கு ஊதிப் போகும். இருட்டு மூலை கரப்பானுக்கு வசதி. இரண்டடி ஆழமான தட்டில் பின்னுக்குப் போன மல்லிப் போத்தல் அடுத்த வருசம்தான் வெளியில வரும். இதையெல்லாம் விட, சிலிண்டரையும் மறைக்க வேண்டும் என்று அதைக் கபேட்டுக்குள் தள்ளுகிறார்களே, அது ஆபத்து. சமையல் காஸ் காற்றை விடப் பாரமானது. கசிந்தால் கீழே தேங்கி நிற்கும். சிலிண்டர் காற்றோட்டமான இடத்தில், நிமிர்ந்து, கண்ணுக்குத் தெரிய நிற்க வேண்டும்.

எங்கட அம்மம்மாக்கள் நிலத்தை நிரப்பவில்லை, மேலே கட்டினார்கள். உறி அழகுக்கு இருந்த சாமான் இல்லை. ஒரு கயிற்றில் நாலு சட்டி ஒன்றன்மேல் ஒன்றாகத் தொங்கும், எறும்பும் பூனையும் எட்டாது. அடுப்புக்கு மேலே பரண். கீழே சமைக்கிற சூட்டில் விறகு காயும், புகையில் விதைக்கு வைத்த பயற்றங்காய்க்கு வண்டு வராது. ஒரு சதுர அடி நிலமும் செலவில்லை. சீலிங் அடிக்கிறபோது இரண்டையும் கழற்றி எறிந்தோம். (புகை குடித்துக் கண் எரிந்தது அம்மம்மாவுக்குத்தான் என்பதையும் மறக்கவில்லை. புகைபோக்கி வேண்டாம் என்று நாங்கள் சொல்லவில்லை.)

இடமே இல்லாத இடத்தில் சமைப்பது என்றால் என்னவென்று இந்த ஊர் பார்த்திருக்கிறது. 2009 இல் இங்குள்ள மெனிக் பாம் முகாம்களில் இரண்டு லட்சத்துக்கும் மேலான சனம். இராமநாதன், அருணாசலம், ஆனந்தகுமாரசாமி என்று பெரிய மனிசரின் பெயர் வைத்த முகாம்கள். எங்களில் சிலர் அங்கே சின்னப் பிள்ளைகள். எங்களுக்கு ஞாபகம் இருப்பது கூடாரத் தடிக்குத் தடி கட்டிய கயிறும் அதில் தொங்கிய பைகளும்தான். பருப்பு ஒன்றில், சீனி ஒன்றில், பள்ளிக்கூடக் கொப்பி ஒன்றில். அது கெட்டித்தனம் என்று இப்போது பாராட்டலாம். அப்போது வேறு வழி இருக்கவில்லை.

2012 செப்டெம்பரில் கடைசிச் சனமும் வெளியேறி முகாம் மூடப்பட்டது. பிறகு வீட்டுத் திட்டங்கள் வந்தன. இந்திய வீட்டுத் திட்டத்தில் ஐந்தரை லட்சம் ரூபாய், 550 சதுர அடி. இரண்டு அறை, விறாந்தை, குசினி. அந்தக் காசுக்குள் கட்டி முடிக்கப் பலர் கடன்பட்டார்கள், கடைசியில் குறுகியது பெரும்பாலும் குசினிதான். 2016 இல் 65,000 உருக்குப் பொருத்து வீடுகள் தருவதாகச் சொன்னார்கள். ஒன்று ஏறத்தாழ 21 லட்சம், காஸ் அடுப்பும் சேர்த்து. விறகடுப்புக்கு வழி இல்லை என்பது அப்போதே எழுந்த எதிர்ப்புகளில் ஒன்று. சின்ன விசயம் என்று நினைத்தவர்கள் 2022 இல் காஸ் வரிசையில் நின்றிருப்பார்கள்.

இந்த வீடியோக் குசினிகளுக்கெல்லாம் ஒரு பூட்டி இருக்கிறா. 1926 இல் ஜேர்மனியின் பிராங்பேர்ட் நகரத் தொழிலாளர் வீடுகளுக்காக மார்கரெட்டே ஷூட்டே-லிஹோட்ஸ்கி என்ற ஒஸ்ரியக் கட்டடக் கலைஞர் வரைந்த குசினி. அகலம் இரண்டு மீற்றரும் இல்லை, நீளம் மூன்றரை மீற்றருக்குள். சமைக்கிறவள் எத்தனை அடி எடுத்துவைக்கிறாள் என்று கணக்குப் பார்த்து வரைந்தா. அரிசி, சீனிக்குக் கைபிடியும் மூக்கும் வைத்த அலுமினிய லாச்சிகள், மாவுக்கு மட்டும் புழு அண்டாத ஓக் மரம். நாங்கள் அரிசிக்குள் வேப்பிலை போடுகிற அதே மூளை. எங்களுக்கு அவவில் பெரிய மரியாதை. ஆனால் அதை வரையும்வரை தான் சமைத்ததே இல்லை என்று பிற்காலத்தில் அவவே சொன்னா. அந்தக் குசினிக்குள் ஒராள்தான் நிற்கலாம். எங்கட குசினியில் ஒராள் தேங்காய் திருவ, இன்னொராள் வெங்காயம் உரிக்க, ஒரு பிள்ளை படியில் இருந்து கதை கேட்கும்.

ஆகவே புதுசாய்க் கட்டுகிறவர்களுக்கு நாங்கள் சொல்லக்கூடியது இவ்வளவு. பூச்சுக்கு முன்னமே சுவரில் கொங்கிறீற் றாக்கை வையுங்கோ, ஒரு போத்தல் நிற்கிற ஆழம், முக்கால் அடி காணும். கூரைச் சட்டத்தில் நாலு கொளுக்கி. அரிசி மூட்டைக்குக் கீழே பலகை. விறகடுப்பையும் பரணையும் வெளியிலயாவது விடுங்கோ.

றாக்கையின் உயரத்தை மேசனிட்ட விடாதேங்கோ. விறகு எங்கே என்று கேட்ட அம்மாவின் வீட்டில் போன கிழமை புதுக் குசினிச் சுவர் எழும்பினது. அவவைச் சுவரோடு நிற்க வைத்து, கையை நீட்டச் சொல்லி, பென்சிலால் கோடு போட்டோம். மேசன் போட்டிருந்த கோட்டுக்கு ஒன்றரைச் சாண் கீழே வந்தது.