சாக்ஸ் வெள்ளி குளத்துக்கு வர வேண்டாம்

ஆசிரியர் அவர்களுக்கு,

சென்ற மாதம் பேரனுக்குப் பள்ளிக்கூட சாக்ஸ் வாங்கினோம். அட்டையில் ‘நானோ சில்வர், நாற்றம் வராது’ என்று பெரிதாகப் போட்டிருந்தது. எவ்வளவு வெள்ளி, துவைத்தால் அது எங்கே போகும் என்பதற்கு ஒரு வார்த்தை இல்லை.

எங்கே போகும் என்பதை 2008-லேயே அமெரிக்காவின் அரிசோனா மாநிலப் பல்கலைக்கழகத்தில் பார்த்துவிட்டார்கள். கடையில் விற்கும் சாக்ஸுகளைத் தண்ணீரில் அலசினார்கள். சிலவற்றில் நாலு அலசலுக்குள் அநேகமாக எல்லா வெள்ளியும் வெளியேறிவிட்டது. நம் வீட்டில் அந்தத் தண்ணீர் சாக்கடைக்குப் போகிறது. கோவையில் சங்கனூர் பள்ளம் சுமந்து வரும் சாக்கடை சிங்காநல்லூர் குளத்தில்தான் இறங்குகிறது.

முப்பது வருடம் விலங்கியல் பாடம் எடுத்தவள் நான். குளத்துத் தண்ணீரில் ஒரு சொட்டை மைக்ராஸ்கோப்பில் வைத்து, தண்ணீர்த் தெள்ளு எனப்படும் டாப்னியாவைப் பிள்ளைகளுக்குக் காட்டுவேன். கண்ணாடி போன்ற உடம்பு. முதுகுப் பக்கம் இதயம் படபடவென்று துடிப்பது அப்படியே தெரியும். பாசியைத் தின்று அது வளரும். அதைத் தின்று மீன்குஞ்சு வளரும். வெள்ளித் துகளிலிருந்து கசியும் அயனி, லிட்டருக்குச் சில மைக்ரோகிராம் இருந்தாலே இந்த உயிரைக் கொன்றுவிடும். அம்மோனியாவை நைட்ரேட்டாக மாற்றித் தண்ணீரைத் தேற்றும் பாக்டீரியாவையும் முடக்கும். நாற்றக் கிருமியை மட்டும் பார்த்துக் கொல்ல வெள்ளிக்குத் தெரியாது.

சுத்திகரிப்பு நிலையத்தில் வெள்ளி கந்தகத்தோடு சேர்ந்து பெரும்பாலும் சேற்றில் தங்கிவிடும் என்பார்கள். உண்மைதான். சுத்திகரிப்பையே பார்க்காமல் குளத்துக்கு வரும் சாக்கடைக்கு அந்தச் சமாதானம் பொருந்தாது.

குடிநீருக்கான இந்தியத் தரத்தில் வெள்ளிக்கு லிட்டருக்கு 0.1 மில்லிகிராம் என்று வரம்பு உண்டு. அது மனிதருக்கான கணக்கு. டாப்னியாவுக்கு அதில் சிறு பங்கே எமன். நீர்நிலைகளில் விடும் கழிவுநீருக்கான பொதுத் தரப் பட்டியலிலோ தாமிரம், துத்தநாகம், ஈயமெல்லாம் இருக்கின்றன, வெள்ளி இல்லை. இது பெரிய ஓட்டை.

சாக்ஸ் நாறாமலிருக்க சோப்பும் வெயிலும் போதும். துணியில் எவ்வளவு வெள்ளி, எத்தனை துவைப்பில் போகும் என்று அட்டையில் அச்சிடுவதைக் கட்டாயமாக்க வேண்டும். கழிவுநீர்த் தரத்தில் வெள்ளியைச் சேர்க்க வேண்டும். அதுவரை காத்திராமல், மாசுக் கட்டுப்பாட்டு வாரியம் சிங்காநல்லூர் குளத்துத் தண்ணீரிலும் சேற்றிலும் வெள்ளியைச் சோதித்து, முடிவை மக்களுக்கு வெளியிட வேண்டுகிறேன்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற விலங்கியல் ஆசிரியை,
சிங்காநல்லூர், கோவை.