எக்ஸ்-15: சாதனையா, சோதனையா?

றொக்கற் விமானங்களின் வரலாற்றை எழுதுவோர் பெரும்பாலும் இரண்டு எண்களையே முதன்மைப்படுத்துவர். ஒன்று, 1963ஆம் ஆண்டு ஓகஸ்ற் 22ஆம் திகதி ஜோசப் வோக்கர் எக்ஸ்-15 விமானத்தில் எட்டிய 107.96 கிலோமீற்றர் உயரம். மற்றது, 1967ஆம் ஆண்டு ஒக்ரோபர் 3ஆம் திகதி வில்லியம் நைற் அவ்வகை விமானத்தில் அடைந்த மணிக்கு 7,274 கிலோமீற்றர் வேகம். அஃதாவது, ஒலிவேகத்தின் 6.7 மடங்கு. இவ்விரு எண்களையும் கூறிமுடித்ததும் வரலாறே முடிந்துவிட்டதாக அவர்கள் கொள்கின்றனர். பின்னர் எஞ்சுவது ஒரு பெருமூச்சு. 1968இல் அத்திட்டம் நிறுத்தப்படாதிருந்தால் மனிதன் விமானத்தில் ஏறுவது போலவே விண்வெளிக்கு ஏறிச் சென்று திரும்பியிருப்பான் என்பதே அப்பெருமூச்சின் பொருள். இக்கருத்து எத்துணைப் பரவலானதோ அத்துணைப் பிழையானது. பிழையானது மட்டுமன்று, எக்ஸ்-15 உண்மையில் விட்டுச்சென்ற முதுசத்தைக் கண்ணுக்குப் புலப்படாமல் மறைப்பதும் அதுவே.

'தவறவிடப்பட்ட பாதை' என்னும் இவ்வாதம் முதலில் நோக்கற்பாலது. பூமியைச் சுற்றிவர ஒரு கலம் செக்கனுக்கு ஏறத்தாழ 7.8 கிலோமீற்றர் வேகத்தைப் பெறல் வேண்டும். எக்ஸ்-15 பெற்ற மிகவுயர்ந்த வேகம் செக்கனுக்கு ஏறத்தாழ 2 கிலோமீற்றர். இதனைக் கேட்போர், நாலில் ஒரு பங்கு தூரம் கடக்கப்பட்டுவிட்டது என எண்ணக்கூடும். ஆனால் இயக்கசக்தி வேகத்தின் வர்க்கத்திற்கு விகிதசமமானது என்பதைப் பாடசாலை மாணவனும் அறிவான். எனவே, ஒவ்வொரு கிலோகிராம் திணிவுக்கும் எக்ஸ்-15 பெற்ற இயக்கசக்தி, சுற்றுப்பாதைக்கு வேண்டியதில் பதினைந்தில் ஒரு பங்கேயாகும். மீண்டு வரும்போது வெப்பமாக மாறிக் கலத்தைத் தாக்குவதும் இச்சக்தியே. ஏறத்தாழ 650 பாகை செல்சியசைத் தாங்குமாறு நிக்கல் கலப்புலோகத்தாற் போர்த்தப்பட்ட அவ்விமானம் அத்தகைய வெப்பத்தில் எரிந்தழிந்திருக்கும். எக்ஸ்-15க்கும் சுற்றுப்பாதைக்கும் இடையே கிடந்தது ஒரு படியன்று; ஒரு பள்ளத்தாக்கு. அதனைக் கடக்கவென வகுக்கப்பட்ட எக்ஸ்-20 திட்டமும் ஒரு கலந்தானும் பறக்கும் முன்னரே 1963 டிசெம்பரிற் கைவிடப்பட்டது.

இதற்கு எதிர்முனையில் நிற்போரும் உளர். ஏறத்தாழ 30 கோடி டொலரை விழுங்கிய அத்திட்டம் கெடுபிடிப்போர்க் காலத்து வீண் விளையாட்டு என்பது அவர்தம் கூற்று. வேகப் போட்டியில் அவ்விமானம் 1961ஆம் ஆண்டிலேயே தோற்றுவிட்டது என அவர்கள் சுட்டுகின்றனர். அவ்வாண்டு ஏப்பிரல் 12ஆம் திகதி யூரி ககாரின் பூமியைச் சுற்றிவந்தார். ஜூன் 23ஆம் திகதியே றொபேட் வைற் எக்ஸ்-15இல் ஒலிவேகத்தின் ஐந்து மடங்கை முதன்முதலிற் கடந்தார். இவ்விரு சாராரும் ஒருவரையொருவர் மறுப்பவர் போலத் தோன்றினும், உண்மையில் ஒரே அளவுகோலையே கையிற் பிடித்துள்ளனர். ஒருவர் சாதனையைப் போற்றுகின்றார். மற்றவர் அச்சாதனை போதாதென்கின்றார். அளவுகோலே தவறானது என்பதை இருவரும் உணரவில்லை.

எக்ஸ்-15 ஒரு போக்குவரத்துக் கலமாக ஆக்கப்பட்டதன்று. அது பறக்கும் ஆய்வுகூடம். பி-52 விமானத்தின் இறக்கையின்கீழ் தொங்கிச் சென்று, ஏறத்தாழ 13.7 கிலோமீற்றர் உயரத்தில் விடுவிக்கப்பட்டதும், அமோனியாவையும் திரவ ஒட்சிசனையும் எரித்து ஒன்றரை நிமிடமளவில் முழு வேகத்தையும் பெறும். பின்னர் எஞ்சினின்றிச் சறுக்கி வந்து வறண்ட ஏரிப் படுகையில் இறங்கும். பறப்பு முழுவதும் பத்து நிமிடமளவே. 1959 ஜூன் முதல் 1968 ஒக்ரோபர் வரை மூன்று விமானங்கள், பன்னிரண்டு விமானிகள், 199 பறப்புகள். இவற்றுட் பெருந்தொகையானவை எவ்விதச் சாதனையையும் நாடாதவை. வேகமும் உயரமும் சிறிது சிறிதாகவே கூட்டப்பட்டன. ஏறத்தாழ ஒவ்வொரு தடவையும் விமானம் திரும்பி வந்தது. அதன் மேற்றோலின் வெப்பநிலையும் அமுக்கமும் அளந்தறியப்பட்டன. அடுத்த பறப்பு அவ்வளவீடுகளைக்கொண்டு திட்டமிடப்பட்டது.

இவ்வாறு அறியப்பட்டவை யாவை? ஒலிவேகத்தின் ஐந்து மடங்குக்கு மேற்பட்ட வேகத்தில் விமானத்தின் மேற்பரப்பை ஒட்டிப் பாயும் வளிப்படை அமைதியானதன்று, கொந்தளிப்பானது என்பது தெளிவாயிற்று. அதேவேளை, அக்கொந்தளிப்பால் ஏறும் வெப்பம் கோட்பாடு கூறியதிலும் குறைவானதென அளவீடு காட்டியது. ஆயின் அதே கோட்பாடு காணாத இடங்களில், மேற்பரப்பிலுள்ள சிறு இடுக்குகளிலும் விளிம்புகளிலும், வெப்பம் குவிந்து உலோகத் தோலை நெளித்தது. 1961 நவம்பர் 9ஆம் திகதி ஒலிவேகத்தின் ஆறு மடங்கைக் கடந்த பறப்பில் விமானியறையின் வெளிக் கண்ணாடி வெடித்தது. ஒருபுறம் மிகையாகவும் மறுபுறம் குறையாகவும் கணித்த கோட்பாட்டைத் திருத்தியது மேலும் நுண்மையான கோட்பாடன்று. பறந்து திரும்பிய விமானம்.

இதற்கு மிகச் சிறந்த சான்று பலரும் போற்றும் அச்சாதனை நாளேயாகும். அன்று நைற் செலுத்திய விமானத்தின் வால்புறத்து அடிப்பகுதியில் மாதிரி றாம்ஜெற் எஞ்சினொன்று பொருத்தப்பட்டிருந்தது. அதிலிருந்து எழுந்த அதிர்ச்சி அலைகள் அதனைத் தாங்கிய செட்டையிற் சென்று மோதின. மோதிய இடத்தில் வெப்பம் பன்மடங்காகிச் செட்டையைத் துளைத்தெரித்தது. மாதிரி எஞ்சினும் கழன்று வீழ்ந்தது. விமானி உயிருடன் இறங்கினார்; விமானமோ மீண்டும் பறக்கவேயில்லை. ஆக, சாதனைப் பட்டியலில் வெற்றியாக நிற்கும் நாள், ஆய்வேட்டில் ஓர் எச்சரிக்கையாக நிற்கின்றது. அதிர்ச்சி அலைகள் மோதும் இடத்து எழும் வெப்பத்தைப் பின்வந்த வடிவமைப்பாளர் அஞ்சக் கற்றமைக்கு அவ்வெரிந்த செட்டையும் ஒரு காரணம். 6.7 என்னும் எண் எவருக்கும் எதனையும் கற்பிக்கவில்லை.

ஆறு வாரங்களின் பின், 1967 நவம்பர் 15ஆம் திகதி, மைக்கல் அடம்ஸ் உயிரிழந்தார். 81 கிலோமீற்றர் உயரம் வரை சென்ற அப்பறப்பில், ஆய்வுக் கருவியொன்றால் விளைந்த மின்குழப்பம் விமானியின் கவனத்தைச் சிதறடித்தது. விமானம் திசைமாறியதை அவர் உணரவில்லை. ஒலிவேகத்தின் ஐந்து மடங்கு வேகத்தில் விமானம் சுழன்றது. சுழற்சியினின்று அது மீண்டபோதிலும், தன்னியக்கக் கட்டுப்பாட்டுத் தொகுதி இடையறாது ஊசலாடியமையால் விமானம் சிதறியது. மனிதன், கருவி, கட்டுப்பாட்டுத் தொகுதி ஆகிய மூன்றும் தனித்தனியே ஆராயப்பட்டிருப்பினும், மூன்றும் ஒருங்கு பிழைக்கும் வகையை எவரும் முன்னரே கணித்திலர். அவ்விபத்தின் காரணங்கள் மறைக்கப்படாமல் விசாரித்து எழுதப்பட்டன. சாதனையை மட்டும் எண்ணுவோரின் பட்டியலில் அடம்ஸ் என்னும் பெயருக்கு இடமில்லை என்பதொன்றே அப்பட்டியலின் வறுமையைக் காட்டப் போதுமானது.

எனவே, எக்ஸ்-15இன் முதுசம் வேகமன்று, முறையியல். படிப்படியாகப் பறத்தல், அளத்தல், கலத்தை மீட்டல், பிழையை ஒப்புதல், எழுதி வெளியிடல் என்பன அம்முறையியலின் கூறுகள். எழுநூற்றுக்கு மேற்பட்ட ஆய்வறிக்கைகள் அதன் விளைவு. விண்ணோடம் எஞ்சினின்றிச் சறுக்கித் தரையிறங்கலாம் என்னும் துணிவு, ஏறத்தாழ இருநூறு தடவை அவ்வாறே இறங்கிக் காட்டிய எக்ஸ்-15இலிருந்தும் பிறந்தது. எக்ஸ்-15 விமானியான ஜோ எங்கிள் 1981 நவம்பரில் விண்ணோடத்தின் இரண்டாம் பயணத்திற்குத் தலைமை தாங்கியமை அத்தொடர்ச்சியின் அடையாளம்.

இம்முறையியல் கைவிடப்பட்டபோது நிகழ்ந்தது என்ன? 1986இல் அமெரிக்க சனாதிபதி றீகன், வாசிங்டனிலிருந்து இரண்டு மணித்தியாலத்தில் தோக்கியோ செல்லும் விமானம் பற்றி நாட்டுக்கு வாக்களித்தார். அவ்வாக்கின் வடிவமான எக்ஸ்-30, காற்றுச் சுரங்கங்களாற் சோதிக்கவியலாத வேகங்களைக் கணினிக் கணிப்பின் துணைகொண்டு தாண்ட முயன்று, ஒருமுறையேனும் பறக்காமல் 1993இல் முடிவுற்றது. 2010இலும் 2011இலும் ஏவப்பட்ட எச்.ரி.வி.-2 கலங்கள் இரண்டும் ஒன்பது நிமிடமளவிற் தொடர்பிழந்தன. முதலாவதில் எதிர்பார்த்ததிலும் மிகையான பக்க அசைவும், இரண்டாவதில் எதிர்பார்த்ததிலும் மிகையாக மேற்றோல் உரிந்தமையும் காரணமெனக் கூறப்பட்டது. 'எதிர்பார்த்ததிலும் மிகை' என்னும் அத்தொடரை எக்ஸ்-15 ஆய்வாளர் முதற் சில பறப்புகளிலேயே அறிந்திருந்தனர். அவர்களுக்கு அடுத்த பறப்பொன்று இருந்தது, எச்.ரி.வி.-2க்கு இரண்டே கலங்கள்.

எக்ஸ்-15இன் பின்னணியிலும் அமெரிக்க விமானப்படையும் கடற்படையும் நின்றனவே, அதனைத் தூய அறிவு வேட்கையெனப் போற்றலாமா என வினவுவோர்க்கு விடை எளிது. அது தூயதன்று, ஆயினும் அதன் பேறுகளிற் பெரும்பகுதி உலகுக்குப் பொதுவாயின. இன்று இத்துறை ஏவுகணைப் போட்டியின் ஆட்சிக்குட்பட்டுள்ளது. வேகத்தைப் பறைசாற்றி அளவீட்டைப் பூட்டிவைப்பதே அப்போட்டியின் இயல்பு. அதாவது, எக்ஸ்-15இன் வெறும் எண்ணை மரபாகக் கொண்டு அதன் உயிரை விலக்கிவிட்டனர்.

வோக்கரின் உயரத்தை 2004இல் தனியார் கலமொன்று விஞ்சியது. நைற்றின் வேகத்தையும் ஒருநாள் வேறொருவர் விஞ்சக்கூடும். அன்று சாதனைப் பட்டியல் திருத்தப்படும். எரிந்த செட்டையிலிருந்து கற்ற பாடத்தைத் திருத்தவேண்டிய தேவை எழாது. எக்ஸ்-15 எவ்வளவு விரைவாகப் பறந்தது என்று வினவுவதை நிறுத்தி, அது திரும்பி வந்து என்ன கூறியது என்று வினவத் தொடங்கும்போதே அம்முதுசத்துக்கு உரிமை கோரும் தகுதி பிறக்கும்.